மாமாவின் தோரன்ஸ் டர்ன்டேபிளும் குவாட் ஆம்ப்ளிஃபயரும்: இணைய ஏலத்தில் விற்பதற்கு முன் வழி சொல்லுங்கள்

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி, 1972-ஆம் ஆண்டு ஓய்வூதியத்தோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். எங்கள் ஊரில் சொல்தா என்று அழைப்பார்களே, அவர்களில் ஒருவர். அவர் கொண்டுவந்த பெட்டிகளில் துணிமணியைவிட இசைக் கருவிகளே அதிகம் இருந்தன என்று அம்மா சொல்வார். மாமா சென்ற ஆண்டு காலமானார். அத்தை இப்போது மகளோடு இலாசுப்பேட்டையில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே இவற்றை வைக்க இடமில்லை. விற்கும் பொறுப்பை அத்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். பணத்தைக் காட்டிலும், இவற்றில் பாட்டு வைத்துக் கேட்கும் ஒருவர் கைக்கு இவை போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

வீட்டில் இருப்பவை: தோரன்ஸ் டிடி 124 மார்க் 2 டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி), அதில் பொருத்திய எஸ்எம்இ 3009 டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை), ஷூர் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலை), குவாட் 33 ப்ரீஆம்ப், குவாட் 303 பவர் ஆம்ப், கபாஸ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இவை தவிர, இரண்டு செங்கல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போன்ற அளவில் கனமான இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் மின்கம்பியும், மறுபக்கம் இரண்டு துளை கொண்ட வட்டச் சாக்கெட்டும் உள்ளன. அது எதற்கென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பழைய இரும்புக் கடைக்குக் கொடுப்பதற்காகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழம்பொருள் விற்கும் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து 8,000 ரூபாய்க்குக் கேட்டார். இணையத்தில் பார்த்தால் டர்ன்டேபிளுக்கு மட்டுமே இலட்சக்கணக்கில் விலை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை. கருவிகள் 15 ஆண்டுகளாக ஓடவில்லை. ஏலத்தில் போடும் முன் பழுது பார்க்க வேண்டுமா? ஓடுகிறதா என்று ஒரு முறையாவது மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா? ஃபெஞ்சல் புயலின்போது வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்றவை அலமாரியின் மேல் தட்டில் இருந்தன. ஸ்பீக்கர்கள் மட்டும் தரையில் இருந்தன.

சீரிஸ்லேம்ப் (மஞ்சக்குப்பம், கடலூர்) எழுதியது:

ஐயா, முதல் வேண்டுகோள்: தயவுசெய்து எதையும் பிளக்கில் சொருகாதீர்கள். இரண்டாவது, அந்த இரும்புப் பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மராகத்தான் இருக்க வேண்டும். பிரான்சில் அந்தக் காலத்தில் எல்லா வீடுகளிலும் 220 வோல்ட் இருக்கவில்லை. 110, 127 வோல்ட் இணைப்புகள் 1960-களிலும் பல ஊர்களில் புழக்கத்தில் இருந்தன. அப்படி ஓர் ஊரில் வாங்கிப் பயன்படுத்திய கருவியின் உள் இணைப்பைத் தொடாமல், இங்கே நம் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க உங்கள் மாமா அந்தப் பெட்டியை நடுவில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். என் ஊகம் சரியானால், பெட்டி இல்லாமல் டர்ன்டேபிளை நேராக நம் சுவர்ப் பிளக்கில் சொருகும் நாளில் மோட்டாரின் சுருள் சூடேறிக் கருகிவிடும்.

சரிபார்க்கும் முறை எளிது. டிடி 124-இன் மோட்டாரில் இரண்டு சுருள்கள் உண்டு. அவற்றைத் தொடராக இணைத்தால் 220 வோல்ட் பக்கம், இணையாக இணைத்தால் 110 வோல்ட் பக்கம். கருவியின் அடியில் உள்ள இணைப்புப் பட்டையைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். குவாட் 33, 303 இரண்டின் பின்புறத்திலும் மின்னழுத்தத் தேர்வு இருக்கும். அதையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். அதிர்வெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரான்சிலும் 50 ஹெர்ட்ஸ், இங்கும் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்கோ, 60 ஹெர்ட்ஸ் ஓடும் மேற்கு ஜப்பானுக்கோ விற்பதானால்தான் மோட்டாரின் புல்லியை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றாமல் ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 40 சுற்று சுற்றும். பாடகர் குரல் கீச்சென்று ஒலிக்கும். இதை விளம்பரத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். 15 ஆண்டு சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு (மின்னைத் தேக்கி வைக்கும் பாகம்) ஒரேயடியாக முழு மின்சாரம் கொடுக்கக் கூடாது. நான் எப்போதும் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு, வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து மெல்ல மெல்ல ஏற்றுவேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், கருவி தப்பிவிடும். 1967-இல் வந்த 303-இல் ஒரு நல்ல அம்சம், ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 2,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று நிற்பது. டிரான்சிஸ்டர் பழுதானாலும் நேர்மின்சாரம் சட்டென்று ஸ்பீக்கரைத் தாக்காது. ஆனால் அந்தக் கண்டென்சருக்கும் வயது அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்பதை மறக்கக் கூடாது. குவாட் 33-இல் சொருகிக் கழற்றும் சிறு பலகைகள் உண்டு. நம் கடற்கரைக் காற்றில் அவற்றின் தொடுமுனைகள் கறுத்துப் போயிருக்கும். அவற்றை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேல்பூச்சு போய்விடும். கான்டாக்ட் கிளீனரும் மெல்லிய துணியும் போதும்.

விற்கும் முன் முழுப் பழுது பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த வகைக் கருவியை வாங்குபவர்கள் பெரும்பாலும் தங்களுக்கென்று ஒரு மெக்கானிக் வைத்திருப்பார்கள். உள்ளே யாரும் கைவைக்காத நிலையையே அவர்கள் விரும்புவார்கள். பாதுகாப்பாக ஒரு முறை ஓட்டிப் பார்த்து, என்ன ஓடுகிறது, என்ன ஓடவில்லை என்று எழுதினால் போதும். தப்பித்தவறி ஏதாவது பாகத்தை மாற்ற நேர்ந்தால், கழற்றிய பழைய பாகத்தைப் பையில் போட்டு உடன் கொடுங்கள்.

வெள்ளம் பற்றி மறைக்காமல் சொன்னீர்கள். விளம்பரத்திலும் அப்படியே சொல்லுங்கள். நான் பல ஆண்டுகளுக்கு முன் இணைய ஏலத்தில் ஒரு ரிசீவர் எடுத்தேன். படத்தில் கண்ணாடி போலப் பளபளத்தது. திறந்து பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் காய்ந்த வண்டல் மண், திருகுகளெல்லாம் துரு, செம்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது அது தண்ணீரில் கிடந்திருக்கிறது என்று பிறகு விற்றவரே ஒப்புக்கொண்டார். முன்பே சொல்லியிருந்தால் பாதி விலைக்கு மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். மூன்று மாதம் போராடியும் அதன் எஃப்எம் பகுதியை என்னால் மீட்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

கருப்புத்தட்டு (புதுச்சேரி) எழுதியது:

வணக்கம். நான் இருபது ஆண்டுகளாக ஏலத்தில் வாங்குபவன், விற்றது குறைவு. விலை பற்றி மட்டும் சொல்கிறேன்.

இணையத்தில் நீங்கள் பார்த்த இலட்சங்கள், கேட்கும் விலை. யாரும் எவ்வளவும் கேட்கலாம். ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்று இருக்கும். அதை அழுத்தி, கடந்த மூன்று மாதத்தில் டிடி 124 உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று பாருங்கள். அதிலும் மார்க் 2 தனி, ஆர்ம் உள்ளது தனி, பீடம் இல்லாத வெற்று மோட்டார்ப் பகுதி தனி என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தைக்காரர் சொன்ன 8,000 உங்கள் எஸ்எம்இ ஆர்முக்குக்கூட ஈடாகாது. அவரையும் குறை சொல்லவில்லை. அவர் எல்லாவற்றையும் இரும்பாகவும் மரமாகவும் எடை போட்டிருக்கிறார்.

டிடி 124 சுவிட்சர்லாந்தின் செந்த் குருவா ஊர்த் தொழிற்சாலையில் செய்தது, 1957-இல் வெளிவந்தது. மோட்டாரிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து படிப்படியான புல்லி, புல்லியிலிருந்து ரப்பர் ஓரம் கொண்ட ஐட்லர் சக்கரம், அதிலிருந்து தட்டு என்று விசை நான்கு கை மாறிப் போகும். வாங்குபவர் முதலில் கேட்பது அந்த ஐட்லர் சக்கரத்தைப் பற்றித்தான். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் ரப்பரில் பள்ளம் விழும்; ஓட்டும்போது டக் டக் என்று சத்தம் கேட்கும். எனவே சக்கரத்தை நெருக்கத்தில் படம் எடுங்கள். ஆர்மைப் பொறுத்தவரை, நைலான் நூலில் தொங்கும் சிறு எடை ஒன்று அதனோடு வந்திருக்கும். பல வீடுகளில் அதுதான் தொலைந்துபோகிறது. மாமாவின் மேசை இழுப்பறை, ஊசிப் பெட்டி, தீப்பெட்டி எல்லாவற்றிலும் தேடுங்கள். அது கிடைத்தால் விலையில் நல்ல வேறுபாடு தெரியும். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், உபரி ஊசி ஏதேனும் உறை பிரிக்காமல் இருந்தால் அதைத் தனியாகவே விற்கலாம்.

படங்களில் குறைகள் தெரிய வேண்டும். கீறல், பெயிண்ட் உரிந்த இடம், கருவியின் எண் உள்ள தகடு, பின்பக்கச் சாக்கெட்டுகள், அடிப்பக்கம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். என் அனுபவத்தில், பதினைந்து நல்ல படங்களும் ஒரு பக்க உண்மையான விவரமும் உள்ள கருவியை நான் பயமின்றிக் கூடுதலாகக் கேட்டு எடுத்திருக்கிறேன். 'மாமா வீட்டில் கிடந்தது, ஓடுமா தெரியாது' என்று ஒரே வரி எழுதியிருந்தால், மோசமான நிலையை எண்ணித்தான் விலை சொல்வேன்.

கபாஸ் ஸ்பீக்கர்களை ஏலத்தில் போட்டு வெளியூர் அனுப்ப முயலாதீர்கள். பிரான்சில் 1950-இல் தொடங்கி, பிறகு பிரெஸ்ட் துறைமுக நகருக்கு இடம் மாறிய நிறுவனம் அது. தன் ஸ்பீக்கர்களுக்குப் படகுப் பெயர்களை வைத்தது. நம் ஊரில் பிரெஞ்சுக் குடும்பங்களிடமும் ஆரோவில்லிலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் கண் மலர்வோர் இருக்கிறார்கள். அடிப்பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருந்தால், நேரில் வந்து தட்டிப் பார்த்து வாங்குபவரே அதற்கு உரியவர். மல்டிமீட்டர் வைத்து முனைகளுக்கு இடையே ஓம் அளவைப் பார்த்து எழுதிவிடுங்கள். சுருள் அறுந்ததா இல்லையா என்பதாவது தெரியும்.

முதுநகர் ஆசிரியை (கடலூர்) எழுதியது:

பொருளியல் கற்பிக்கிறேன், ஓய்வு நேரத்தில் பழைய வானொலிகள் சேர்க்கிறேன். ஏலம் எப்படி நடக்கிறது என்பதை விற்பவர் முதலில் புரிந்துகொண்டால் பதற்றம் குறையும் என்பதால் எழுதுகிறேன்.

பெரிய ஏலத் தளங்களில் வாங்குபவர் தன் உச்ச வரம்பை இரகசியமாகப் பதிந்துவிடுகிறார். தளம் அவர் சார்பில் தேவையான அளவு மட்டுமே ஏற்றிக்கொண்டே போகிறது. ஒருவர் 60,000 வரை, இன்னொருவர் 75,000 வரை என்று பதிந்தால், விலை 75,000-இல் முடியாது. 60,000-ஐ ஒரு படி தாண்டியவுடன் நின்றுவிடும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் தொகையைத் தீர்மானிப்பவர் வெற்றி பெற்றவர் அல்லர், இரண்டாவதாக வந்தவரே. இரண்டாம் விலை ஏலத்தைப் பற்றி 1961-இல் ஆராய்ந்து எழுதிய வில்லியம் விக்ரிக்கு 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது. விற்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் மிக நடைமுறையானது: ஒரே ஒரு தீவிர இரசிகர் பார்த்தால் போதாது, இருவராவது பார்க்க வேண்டும். எனவே இரசிகர்கள் தேடும் சொற்கள் அத்தனையும் தலைப்பில் இருக்கட்டும்: நிறுவனம், மாதிரி எண், மார்க் 2, ஆர்மின் பெயர், 50 ஹெர்ட்ஸ்.

ஏழு நாள் ஏலத்தில் ஆறு நாள் வரை விலை அசையாமல் கிடந்தால் மனம் தளர வேண்டாம். ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், குறித்த நொடியில் முடிந்துவிடும் ஈபே ஏலத்தில் கடைசி நிமிடத்தில் குவியும் கேட்புகள், கடைசிக் கேட்புக்குப் பின் நேரம் தானாக நீண்ட அன்றைய அமேசான் ஏலத்தில் குறைவாகவே இருந்தன என்று காட்டினார்கள். நேரம் நீளாத தளத்தில் கடைசி மணித்துளிதான் உண்மையான ஏலம். அந்த நேரத்தில் வாங்குபவர்கள் விழித்திருக்க வேண்டும். பிரான்சுக்காரர்களை எதிர்பார்த்தால், நம் இரவு 8 மணி அங்கே குளிர்காலத்தில் பிற்பகல் 3.30, கோடையில் 4.30. ஞாயிற்றுக்கிழமை முடியும்படி வைக்கலாம்.

குறைந்த தொகையில் தொடங்குவதா, இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று ஓர் அடிவிலை வைப்பதா என்ற கேள்வி வரும். எல்லாரும் அறிந்த பெயர், விற்ற விலைகள் நிறையத் தெரிந்த பொருள் என்றால் குறைவாகத் தொடங்குவதை நான் ஆதரிக்கிறேன். டிடி 124 அப்படிப்பட்டது. ஆனால் விற்பவர் ஒரு விதவைத் தாயார் என்னும்போது, அந்த ஒரு வாரம் அவருடைய மனம் படும் பாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் அவருடைய இடத்தில் இருந்தால் அடிவிலை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

நம் நாட்டுக்குள் மட்டும் விற்பதானால் ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது சேகரிப்பாளர் குழுக்களில், இந்த நாள் இந்த நேரம் முடிவு என்று அறிவித்துப் பின்னூட்டத்திலேயே ஏலம் கேட்கிறார்கள். இங்கே நடுவராகத் தளம் எதுவும் இல்லை. ஆகவே பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்ததை உங்கள் வங்கிச் செயலியிலேயே பார்த்த பிறகுதான் பொருளை அனுப்ப வேண்டும். 'இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் முன்பணம் வரும்' என்று யாராவது சொன்னால் உடனே பேச்சை நிறுத்திவிடுங்கள். யுபிஐயில் பணம் பெற இரகசிய எண் (PIN) தேவையே இல்லை. இருப்பைப் பார்ப்பது போன்றவற்றைத் தவிர, அந்த எண்ணை அழுத்தினால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியேதான் போகும். அத்தையிடம் இதை மட்டும் இரண்டு முறை சொல்லிவையுங்கள்.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். வெளிமாநிலத்தவர் வாங்கினால் டர்ன்டேபிளை எப்படிக் கட்டி அனுப்புவது? தாத்தா காலத்துக் குழாய் வைத்த கிராமஃபோன் ஒன்றும் பரணில் இருக்கிறது. பாரிசில் இருக்கும் உறவினர் ஒருவர் அதை அங்கே ஏலத்தில் போடலாம் என்கிறார். செய்யலாமா?

கருப்புத்தட்டு எழுதியது:

கிராமஃபோன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அப்படியானால் அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. தயாரித்த ஆண்டை முதலில் உறுதி செய்யுங்கள். தோரன்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

சீரிஸ்லேம்ப் எழுதியது:

கட்டும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் டர்ன்டேபிள்களில் பாதிக்கு மேல் வழியில் உடைந்தவையே. டிடி 124-இன் அடித்தட்டு வார்ப்பிரும்பு. நான்கு கிலோவுக்கு மேல் கனக்கும். அதை உள்ளேயே விட்டுக் கட்டினால் லாரி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அது சம்மட்டியாக மாறி அச்சை அடிக்கும். ஆகவே மேலே இருக்கும் அலுமினியத் தட்டை எடுத்து, அடுத்து இரும்புத் தட்டின் திருகுகளைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியாகச் சுற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். சுவிட்சை நிறுத்த நிலையில் வைத்தால் ஐட்லர் சக்கரம் அழுந்தாமல் விலகி நிற்கும். எஸ்எம்இ ஆர்ம் கத்திமுனை போன்ற தாங்கியில் நிற்பது. பின்னால் உள்ள எடையைக் கழற்றி, ஹெட்ஷெல்லையும் (கார்ட்ரிட்ஜ் பொருத்திய முன்முனைக் கூடு) கழற்றி, ஆர்மை அதன் தாங்கியோடு மென்மையான நாடாவால் கட்டுங்கள். பிறகு பெட்டிக்குள் பெட்டி. இடையில் எல்லாப் பக்கமும் மூன்று விரல் கனத்துக்குக் குறையாமல் ஃபோம். தெர்மகோல் மட்டும் வைத்தால் அது நொறுங்கிவிடும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். அவர் அதே வரிசையில் பின்னோக்கிப் பூட்டிக்கொள்வார்.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பின்):

நடந்ததைச் சொல்கிறேன். சீரிஸ்லேம்ப் ஐயா சொன்னபடி டர்ன்டேபிளை மெத்தையின் மேல் கவிழ்த்து அடிப்பட்டையைப் பார்த்தோம். சுருள்கள் இணையாகத்தான் இருந்தன. 110 வோல்ட் பக்கம். இரும்புப் பெட்டியின் மேல் தூசியைத் துடைத்ததும் 220 – 110 என்று பொறித்த தகடு தெரிந்தது. மாமா அதை ஒரு நாளும் பிரித்து வைத்ததில்லை என்றும், அது 'பாட்டுப் பெட்டியின் அடுப்பு' என்று தான் நினைத்திருந்ததாகவும் அத்தை அப்போதுதான் சொன்னார். சூடாக இருக்குமாம்.

ஐயா மஞ்சக்குப்பத்திலிருந்து நேரில் வந்து, அந்தப் பெட்டி வழியாகவே மின்சாரம் கொடுத்து ஓட்டிக் காட்டினார். தட்டு சுற்றியது. வேகம் சற்றுக் குறைவு. மோட்டாருக்கு எண்ணெய் விட்ட பிறகு சரியானது. 303-இல் இடப்பக்கம் ஒலி வரவில்லை. நூலில் தொங்கும் எடை, மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் கிடைத்தது.

ஸ்பீக்கர்களை ஆரோவில்லிலிருந்து வந்த ஒரு தம்பதியர் நேற்று எடுத்துச் சென்றார்கள். உப்பிய அடிப்பலகையைக் காட்டியே விலை பேசினோம். தோரன்ஸும் குவாட்டும் வரும் ஞாயிறு இரவு 8 மணிக்கு முடியும்படி சேகரிப்பாளர் குழு ஒன்றில் ஏலத்துக்குப் போகின்றன. 22 படங்கள், அடிவிலையோடு. டிரான்ஸ்ஃபார்மரும் உடன் போகிறது. அதை ஏன் பிரிக்கக் கூடாது என்பதை விவரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பாரிஸ் உறவினரிடம் கிராமஃபோன் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.